டிரைவ்-இன் தியேட்டருக்கு ஆள் வேண்டும்: அமெரிக்கத் தமிழ்ச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சங்க நிர்வாகிகளுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். உங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேர ஓட்டத்தில், காரில் உட்கார்ந்தபடியே திறந்தவெளித் திரையில் படம் பார்க்கும் பழைய டிரைவ்-இன் தியேட்டர் ஏதாவது இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், அடுத்த சீசனில் அதற்கு ஒரு பகலும் ஒரு இரவும் ஒதுக்குங்கள். பகலில் வேலை செய்ய ஆட்களை அனுப்புங்கள். இரவில் ஒரு தமிழ்ப் படம் போட்டு, குடும்பம் குடும்பமாக வாருங்கள். நன்கொடை அனுப்பினால் போதாதா என்று சிலருக்குத் தோன்றும். நன்கொடையும் தேவைதான், ஆனால் அதைவிட அவசரமாகத் தேவைப்படுவது ஆட்கள்.

நானும் அப்படியொரு தியேட்டரில் வார இறுதிகளில் தன்னார்வலராக இருக்கிறேன். அதை நடத்துவது லாப நோக்கில்லாத ஒரு சிறு குழு. எந்தத் தியேட்டர் என்று இங்கே சொல்லவில்லை. ஒரே இடத்துக்கு எல்லாரும் வருவதைவிட, அவரவர் பக்கத்தில் இருப்பதற்குப் போவதுதான் உதவி.

இந்தத் தியேட்டர்களின் கதை பலருக்குத் தெரிந்திருக்காது, கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ரிச்சர்ட் ஹாலிங்ஸ்ஹெட் என்பவர் நியூ ஜெர்சியில் தன் வீட்டு டிரைவ்வேயில்தான் இதைச் சோதித்துப் பார்த்தார். காரின் முன்பக்கத்து மூடிமேல் ஒரு புரொஜெக்டர், மரங்களில் கட்டிய திரை, திரைக்குப் பின்னால் ஒரு ரேடியோ. மழை பெய்தால் எப்படித் தெரியும் என்று பார்க்க, தோட்டத்துக்குத் தண்ணீர் தெளிக்கும் கருவியைக் காரின்மேல் திருப்பிவிட்டாராம். முன்னால் நிற்கும் கார் பின்னால் இருப்பவருக்கு மறைக்காமல் இருக்க, சக்கரங்களுக்கு அடியில் கட்டை வைத்து வைத்து எவ்வளவு சாய்வு வேண்டும் என்று கண்டுபிடித்தார். இன்றைக்கும் டிரைவ்-இன் மைதானத்தில் வரிசை வரிசையாக மண்மேடு இருக்கிறதே, முன்சக்கரத்தை ஏற்றி நிறுத்துகிறோமே, அது அவர் கணக்குப் போட்டதுதான். 1933 மே மாதம் காப்புரிமை கிடைத்தது. ஜூன் 6 அன்று கேம்டனுக்குப் பக்கத்தில் முதல் தியேட்டர் திறந்தது. காருக்கு 25 சென்ட், தலைக்கு 25 சென்ட், எத்தனை பேர் இருந்தாலும் ஒரு காருக்கு ஒரு டாலருக்குமேல் கிடையாது. பிள்ளைகள் எவ்வளவு சத்தம் போட்டாலும் பரவாயில்லை, குடும்பத்தோடு வாருங்கள் என்பதுதான் அவருடைய விளம்பரம்.

அந்த முதல் தியேட்டர் சில வருடங்களிலேயே மூடப்பட்டது. ஆனால் அடுத்த வருடம், 1934-இல், பென்சில்வேனியாவின் ஓர்ஃபீல்டில் திறந்த ஷாங்க்வைலர்ஸ் இன்றும் ஓடுகிறது. 1950-களின் கடைசியில் இந்த நாட்டில் 4,000-க்கும் மேற்பட்ட டிரைவ்-இன்கள் இருந்தன. இப்போது மிஞ்சியிருப்பவை 300 சொச்சம். எல்லாம் தொடங்கிய நியூ ஜெர்சியில் மிஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று, வைன்லேண்டில் உள்ள டெல்சி. அதுகூட 1987-இல் மூடப்பட்டு, பல வருடம் சும்மா கிடந்து, 2004-இல் மறுபடி திறக்கப்பட்டது.

ஏன் இப்படி ஆயிற்று என்றால், டிவி வந்தது, வீடியோ வந்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதிதான். பெரிய காரணம் நிலம். ஒரு டிரைவ்-இன்னுக்குப் பத்துப் பதினைந்து ஏக்கர் வேண்டும். ஊருக்கு வெளியே மலிவாகக் கிடைத்த இடம், ஊர் வளர வளர நடு ஊராகிவிட்டது. வருடத்தில் பாதி நாள், அதுவும் இருட்டிய பிறகு மட்டும் சம்பாதிக்கும் இடத்தை, வருடம் முழுக்க வாடகை தரும் கடைத்தெருவாக மாற்றத்தான் எந்த நில உரிமையாளருக்கும் தோன்றும். அப்புறம் 1966-இல் வந்த நேரச் சட்டம். அதன்பிறகு நாட்டின் பெரும்பகுதியில் கோடையில் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் போனது. ஜூன் கடைசியில் பென்சில்வேனியாவில் சூரியன் மறையவே எட்டரை ஆகிவிடும், படம் தொடங்க ஒன்பது. மறுநாள் வேலைக்குப் போகிறவர்கள் வார நாட்களில் வருவதை நிறுத்திவிட்டார்கள்.

கடைசி அடி டிஜிட்டல். 2013 வாக்கில் பெரிய ஸ்டூடியோக்கள் 35 எம்எம் ஃபிலிம் பிரிண்ட் அனுப்புவதைக் கைவிடத் தொடங்கின. புதுப் படம் வேண்டுமென்றால் டிஜிட்டல் புரொஜெக்டர் வாங்கியாக வேண்டும், ஒரு திரைக்கு 70,000 டாலருக்குக் குறையாது. ஹோண்டா நிறுவனம் அந்த வருடம் மக்களிடம் வாக்குக் கேட்டுச் சில தியேட்டர்களுக்கு இலவசமாகப் புரொஜெக்டர் கொடுத்தது. கிடைக்காதவர்களில் சிலர் மூடிவிட்டார்கள்.

பென்சில்வேனியாவின் லீஹைட்டனில் உள்ள மஹோனிங் டிரைவ்-இன் வேறு வழியில் போனது. 1949-இல் திறந்த தியேட்டர் அது. டிஜிட்டலுக்குப் பணம் இல்லை. சரி, பழைய படங்களைப் பழைய ஃபிலிமிலேயே காட்டுவோம் என்று முடிவெடுத்தார்கள். அதைச் செய்ய வைத்தது சம்பளமில்லாமல் வந்து நின்ற சினிமாப் பைத்தியங்கள். வெளி மாநிலங்களிலிருந்தெல்லாம் ரசிகர்கள் வந்து, கூடாரம் அடித்துத் தங்கிப் படம் பார்க்கும் இடமாக அது மாறியது. 2021-இல் அந்த நிலத்தில் சூரிய மின்பலகைகள் அமைக்க ஒரு நிறுவனம் திட்டம் கொண்டுவந்தபோது, ரசிகர்கள் ஆயிரக்கணக்கில் எழுதியும் கூப்பிட்டும் எதிர்ப்புச் சொன்னார்கள். சில நாட்களிலேயே அந்த நிறுவனம் பின்வாங்கியது. சூரிய மின்சாரம் கெட்டது என்று நான் சொல்லவில்லை, அதற்கு வேறு இடம் கிடைக்கும். இன்னொரு டிரைவ்-இன்னை யாரும் புதிதாகக் கட்டித் தரப் போவதில்லை.

அந்த நாட்களை நினைக்கும்போது எனக்கு ஒன்று உறுத்துகிறது. ஆபத்து வந்தபோது ஆயிரம் பேர் வந்தார்கள். ஆனால் ஆபத்தில்லாத ஒரு சாதாரண வாரத்தில், மழை பெய்து சேறான மைதானத்தில், குப்பை பொறுக்க எத்தனை பேர் வருவார்கள்? ஒரு தியேட்டர் செத்துப்போவது பெரும்பாலும் இந்தச் சாதாரண வாரங்களில்தான். நிர்வாகம் பார்க்கும் நாலைந்து பேருக்கும் வயதாகிறது, முதுகு வலிக்கிறது, ஒருவர் ஊர் மாறிப் போகிறார், இன்னொருவருக்குக் குழந்தை பிறக்கிறது. ஒரு வசந்தகாலத்தில் திறக்க ஆளில்லை. அவ்வளவுதான்.

வேலை என்றால் என்ன வேலை என்று கேட்பீர்கள். சீசன் தொடங்கும் முன் திரைக்கு வெள்ளை அடிக்க வேண்டும். குளிர்காலக் காற்றில் திரையின் தகடு ஏதாவது பெயர்ந்திருந்தால் மாட்ட வேண்டும். உயரத்தில் ஏறும் வேலைக்குப் பயிற்சி பெற்றவர்கள்தான் போவார்கள், கீழே பெயின்ட் கலக்கவும் ஏணி பிடிக்கவும் பத்துப் பேர் தேவை. பனி உருகி மண்மேடுகள் கரைந்திருக்கும், சரளைக்கல் கொட்டிச் சமன் செய்ய வேண்டும். புல் வெட்ட வேண்டும். பழைய ஸ்பீக்கர் கம்பங்களில் துரு சுரண்ட வேண்டும். இப்போதெல்லாம் ஒலி கார் ரேடியோவில், எஃப்எம்மில்தான் வருகிறது. ஆனாலும் அந்தக் கம்பங்கள்தான் கார் எங்கே நிற்க வேண்டும் என்று காட்டுகின்றன.

படம் ஓடும் இரவின் வேலை வேறு மாதிரி. வாசலில் வரும் ஒவ்வொரு எஸ்யூவியையும் பார்க்க வேண்டும். பின்கதவைத் திறந்து மெத்தை போட்டுப் படுத்துக்கொண்டு பார்ப்பதுதான் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஆனால் கதவு முழுதாக மேலே தூக்கி நின்றால் பின்னால் இருப்பவருக்குத் திரையில் பாதி போய்விடும். அதனால் கூரை மட்டத்துக்கு இறக்கிக் கயிற்றால் கட்டிவிடுகிறோம். கட்டுவதற்கும் ஒரு முறை இருக்கிறது, பெயின்ட் கீறாமல், சென்சாரைத் தொடாமல். புதுக் கார்களில் முகப்பு விளக்கு தானாகவே எரிகிறது. எப்படி அணைப்பது என்று பல சமயம் ஓட்டுபவருக்கே தெரியாது. சிலவற்றில் ஹேண்ட்பிரேக்கைப் போட்டுவிட்டு இன்ஜினை மறுபடி தொடங்கினால் அணையும், சிலவற்றில் மெனுவுக்குள் போய்த் தேட வேண்டும். எங்கள் குழுவில் ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் இருக்கிறார். எந்தக் கம்பெனிக் கார் வந்தாலும் ஜன்னலோரம் குனிந்து இரண்டே வரியில் சொல்லிவிடுவார். எதுவும் நடக்கவில்லை என்றால் கறுப்புத் துணியும் டேப்பும் கையில் தயாராக இருக்கும். படம் முடிந்ததும் ரேடியோ கேட்டே பேட்டரி இறங்கிப்போன கார்கள் நாலைந்தாவது நிற்கும். ஜம்ப் ஸ்டார்ட்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரிசை வரிசையாக நடப்போம்.

புரொஜெக்டர் அறையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஃபிலிமில் ஓட்டும் தியேட்டரில் ஒரு ரீல் 20 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இரண்டு புரொஜெக்டர் வைத்து மாற்றி மாற்றி ஓட்டும் இடங்களில், ரீல் முடியப் போகும்போது திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி கண்ணிமைக்கும் நேரம் தோன்றும். அதைப் பார்த்ததும் அடுத்த புரொஜெக்டரின் மோட்டாரை ஓடவிட வேண்டும். ஏழெட்டு நொடியில் இரண்டாவது புள்ளி. அந்தக் கணத்தில் ஒன்றை மூடி மற்றொன்றைத் திறக்க வேண்டும். கீழே இருநூறு காரில் இருப்பவர்களுக்கு எதுவும் நடந்ததாகவே தெரியக்கூடாது. இதைச் செய்யத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். இது பக்கத்தில் நின்று பார்த்துப் பழகிக் கையில் வர வேண்டிய வேலை. உங்கள் சங்கத்தில் ரோபாட்டிக்ஸ் போட்டிக்குப் போகும் பிள்ளைகள் இருப்பார்களே, அவர்களில் இரண்டு பேரை அனுப்பிவையுங்கள். உயர்நிலைப் பள்ளியில் சேவை நேரம் காட்ட வேண்டியவர்களுக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

சரி, இதில் தமிழ்ச் சங்கங்களை ஏன் இழுக்கிறேன்? முதல் காரணம், உங்களுக்கு ஆள் திரட்டத் தெரியும். பொங்கல் விழாவுக்குப் பள்ளி ஆடிட்டோரியத்தை வாடகைக்கு எடுத்து, காலையில் நாற்காலி போட்டு, ஐந்நூறு பேருக்குச் சாப்பாடு பரிமாறி, இரவு பத்து மணிக்குத் துடைத்துச் சாவியைத் திருப்பிக் கொடுக்கிறீர்கள். டிரைவ்-இன்னில் நாங்கள் செய்ய முடியாமல் திணறுவது அதே வேலையைத்தான்.

இரண்டாவது காரணம் இடைவேளை. டிரைவ்-இன்னின் உயிர் டிக்கெட்டில் இல்லை, கேன்டீனில் இருக்கிறது. புதுப் படத்தின் முதல் வாரங்களில் டிக்கெட் காசில் பெரும்பாலும் பாதிக்கும் மேல் ஸ்டூடியோவுக்குப் போய்விடும். பாப்கார்ன் விற்ற காசில்தான் மின்கட்டணமும் காப்பீடும் கட்ட வேண்டும். அமெரிக்கப் படங்களில் பொதுவாக நடுவில் நிறுத்தம் கிடையாது. இரண்டு படம் சேர்த்துப் போட்டால்தான் நடுவில் ஒரு நிறுத்தம் கிடைக்கும். நம் படமோ இடைவேளை என்று எழுத்துப் போட்டே வருகிறது. கதை ஒரு திருப்பத்தில் நிற்கும், எல்லாரும் இறங்குவார்கள், கேன்டீனில் வரிசை நிற்கும். டிரைவ்-இன்னுக்கென்றே எடுத்த மாதிரி இருக்கிறது நம் சினிமாவின் அமைப்பு! இதை எந்தத் தியேட்டர் நிர்வாகியிடம் சொன்னாலும் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்பார்.

மூன்றாவது, நம் குடும்பங்கள். ஊரிலிருந்து ஆறு மாதத்துக்கு வந்திருக்கும் அம்மா அப்பாவை மல்டிபிளெக்ஸுக்குக் கூட்டிப்போனால், குளிர் தாங்காது, படி ஏற முடியாது, இரண்டே முக்கால் மணி நேரம் கால் நீட்ட முடியாது. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் கணவனும் மனைவியும் சேர்ந்து தியேட்டருக்குப் போய் வருடக்கணக்காகியிருக்கும். டிரைவ்-இன்னில் சீட்டைச் சாய்த்துப் போர்த்திக்கொண்டு பார்க்கலாம். குழந்தை அழுதால் கார் கதவைச் சாத்தினால் போதும். பாட்டுக்கு எழுந்து ஆடுகிற பிள்ளைகளை யாரும் முறைக்க மாட்டார்கள், ஆட இடமும் இருக்கிறது. தாத்தாவுக்கு டூரிங் டாக்கீஸ் ஞாபகம் வரும், அதைப் பேரனிடம் சொல்ல அவருக்கு ஒரு மைதானமே கிடைக்கும்.

செய்யும்போது கவனிக்க வேண்டிய சிலவற்றையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஆர்வத்தில் தொடங்கி நடுவில் மாட்டிக்கொள்வீர்கள்.

முதலில் அந்தத் தியேட்டர் யாருடையது என்று கேளுங்கள். லாப நோக்கில்லாத அமைப்பு நடத்துவதென்றால் தன்னார்வலர்கள் நேரடியாகப் போய் வேலை செய்யலாம். தனியார் வியாபாரம் என்றால், சம்பளமில்லாமல் அங்கே வேலை பார்ப்பதைக் கூட்டாட்சித் தொழிலாளர் சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை. உரிமையாளருக்கே சிக்கல் வரும். அப்படிப்பட்ட இடத்தில் பகல் வேலைக்குப் போகாதீர்கள். இரவை முழுதாக வாடகைக்கு எடுங்கள். அது சங்கத்தின் நிகழ்ச்சி. அன்றைக்கு வாசலில் நிற்பது, கார் நிறுத்துவது, குப்பை எடுப்பது எதையெல்லாம் உங்கள் ஆட்கள் செய்யலாம் என்று முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்ளுங்கள். காப்பீடு யார் பேரில் என்பதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள்.

படத்துக்கு முறையான அனுமதி வேண்டும். வீட்டில் வைத்திருக்கும் ப்ளூ-ரேயைக் கொண்டுபோய் ஓட்டலாம் என்று நினைக்காதீர்கள். வெளிநாட்டு உரிமை வைத்திருக்கும் விநியோகஸ்தரிடம் பேசி, டிஜிட்டல் பிரதியும் அதைத் திறக்கும் சாவியும் வாங்க வேண்டும். அந்தச் சாவி குறிப்பிட்ட கருவிக்கும் குறிப்பிட்ட நேரத்துக்கும் மட்டுமே வேலை செய்யும். ஒரு நாள் முன்னதாகவே ஏற்றிப் பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். சனிக்கிழமை இரவு எட்டரைக்கு விநியோகஸ்தரைத் தேடினால் யாரும் போன் எடுக்க மாட்டார்கள்.

சாப்பாடு விஷயத்தை வெளிப்படையாகவே பேசுகிறேன். கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வருவது நமக்குப் பழக்கம், அதில் தப்பில்லை. பல டிரைவ்-இன்களில் வெளிச் சாப்பாட்டுக்கென்று ஒரு சிறு கட்டணம் வாங்கி அனுமதிச்சீட்டு தருகிறார்கள். காருக்கு ஒன்று வாங்கிவிடுங்கள். வாங்கிய பிறகும், இடைவேளையில் பிள்ளைகளுக்கு ஒரு பாப்கார்னாவது கேன்டீனில் வாங்குங்கள். முந்நூறு பேர் வந்து கேன்டீன் வெறிச்சோடிக் கிடந்தால் அந்த இரவு தியேட்டருக்கு நஷ்டமாகத்தான் முடியும், நாம் உதவி செய்ததாக நினைத்துக்கொண்டு வீடு திரும்பியிருப்போம்.

நாள் தேர்ந்தெடுப்பதில் ஒரு யோசனை. ஜூன், ஜூலையில் வேண்டாம். ஒன்பது மணிக்குத் தொடங்கும் தமிழ்ப் படம் முடிய நள்ளிரவு தாண்டிவிடும், பிள்ளைகள் இடைவேளைக்கு முன்பே தூங்கிவிடுவார்கள். ஜூலை 4 வாரம் வட அமெரிக்கத் தமிழ்ச் சங்கப் பேரவையின் விழாவும் வரும், தியேட்டருக்கும் அதுதான் கூட்டம் நிரம்பும் வாரம். செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை நன்றாக அமையும். பல ஊர்களில் ஏழரை வாக்கில் சூரியன் மறைந்துவிடும், கொசு குறைந்திருக்கும், பள்ளி திறந்த பிறகு கூட்டமில்லாமல் தியேட்டர் தவிக்கும் காலமும் அதுதான். ராத்திரி பனி இறங்கும், போர்வை கொண்டுவரச் சொல்லுங்கள்.

இது அமெரிக்கர்களின் பழைய ஞாபகம், அதை நாம் ஏன் சுமக்க வேண்டும் என்று ஒரு கூட்டத்தில் ஒருவர் என்னிடம் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார். அவருக்கு அன்று சொன்ன பதிலையே இங்கும் சொல்கிறேன். நாம் இந்த ஊர்களில் வீடு வாங்கி, வரி கட்டி, பிள்ளைகளை வளர்க்கிறோம். நம் விழாக்களுக்கு இந்த ஊர்க்காரர்களை அழைக்கிறோம், வந்தால் பெருமைப்படுகிறோம். அவர்கள் கஷ்டப்பட்டுக் காப்பாற்றிக்கொண்டிருக்கும் ஒன்றுக்குப் பக்கத்தில் போய் நிற்காமல், நம்முடையதை மட்டும் பார்க்க வா என்று எத்தனை காலம் கூப்பிட முடியும்? என்னோடு ஏணி பிடித்த ஒருவர், மறுவருடம் எங்கள் சித்திரைத் திருநாளுக்கு மனைவியோடு வந்து கடைசிவரை உட்கார்ந்திருந்தார். நான் அழைக்கக்கூட இல்லை, நோட்டீசைப் பார்த்து வந்தார். மேடைக்குப் பின்னால் நாற்காலி அடுக்கும்போது அவரும் வந்து அடுக்கினார்.

டிரைவ்-இன் நிர்வாகிகள் அடுத்த சீசனுக்கான நாட்களை ஜனவரி, பிப்ரவரியிலேயே முடிவு செய்யத் தொடங்கிவிடுவார்கள். ஏப்ரலில் போய்க் கேட்டால் நல்ல சனிக்கிழமைகள் போயிருக்கும். ஆகவே பொங்கல் விழா முடிந்து கணக்கு முடிக்கும் செயற்குழுக் கூட்டத்திலேயே இதை ஒரு தீர்மானமாக வையுங்கள். இரண்டு பேரைப் பொறுப்பாகப் போடுங்கள், ஒருவர் தியேட்டரோடு பேச, ஒருவர் விநியோகஸ்தரோடு பேச. எந்தப் படம் என்று சண்டை வரும், வரட்டும், அதற்கு மார்ச் வரை நேரம் இருக்கிறது. பெயின்ட் அடிக்கும் ஞாயிற்றுக்கிழமை எது என்பதை மட்டும் முதல் போனிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஒரு டிரைவ்-இன் தன்னார்வலர்